கையை விட்டு நடக்கும் பாதை

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை நான். ஓய்வு பெற்ற நாள் முதல், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பக்கத்துத் தெருக்களைச் சேர்ந்த சில குடும்பங்களோடு கிண்டிக்கோ வண்டலூருக்கோ சென்று மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வருகிறேன். அந்த நடையைப் பற்றியும், குடும்பத்தோடு நடப்பதற்கு ஏற்ற காட்டுப்பாதை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

வட சென்னையில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு ஒன்று சொல்லாமலே தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கத்திலும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். தெருவுக்குள் வந்தால் இருசக்கர வண்டிகளும் தண்ணீர் லாரியும் ஆட்டோவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். வாசற்படியைத் தாண்டிய கணத்திலிருந்து குழந்தையின் மணிக்கட்டை நாம் இறுகப் பிடித்துக்கொள்கிறோம். அந்தப் பிடியைத் தளர்த்தி, "நீயே நட கண்ணு" என்று சொல்லக்கூடிய இடம் நம் பகுதியில் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தையின் கையை அச்சமில்லாமல் விட முடிகிற பாதையே குடும்பத்துக்கு ஏற்ற பாதை என்பது, இத்தனை ஆண்டு நடையில் நான் கண்டுகொண்டது. ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருந்தால் நல்லதுதான். ஆனால் அவை இரண்டாம் பட்சம்.

வயதில் மூத்த நேயர்களுக்கு 'உயிர்க்காலேஜ்' என்ற சொல் நினைவிருக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்', மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர்க்காலேஜ்'. 1855இல் தொடங்கிய அந்த மிருகக்காட்சிசாலைக்கு எங்கள் அப்பா எங்களை நடத்தியே அழைத்துச் சென்றிருக்கிறார். 1985இல் அது வண்டலூர்க் காட்டுப் பகுதிக்குப் போயிற்று. குறுகிய கூண்டுகளில் அடைபட்டிருந்த விலங்குகளுக்கு 602 ஹெக்டேர் பரப்பு கிடைத்தது; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்து போகும் தொலைவில் இருந்த நிழல் நமக்கு ஒரு நாள் பயணமாகிவிட்டது. வண்டலூருக்குள்ளே ஓட்டேரி என்றே ஓர் ஏரி இருக்கிறது. நம் ஓட்டேரியைச் சேர்ந்த பிள்ளைகளிடம் அதைச் சொன்னால், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டதைப் போல அவர்கள் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். இப்போது 2021 முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுவதால், திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறி, வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கிவிடலாம். அந்த வகையில் கிண்டிக் காடு நமக்கு மீண்டும் அருகில் வந்திருக்கிறது.

கிண்டி தேசியப் பூங்கா ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஒரு காலத்தில் ஆளுநரின் வேட்டைக்காடாக இருந்து, 1978இல் தேசியப் பூங்காவானது. வெளிமானும் புள்ளிமானும் வாழும் உட்காட்டுக்குள் நாம் நினைத்தபடி போக முடியாது. அது அப்படி இருப்பதே முறை. அதன் ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்காதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு உரியது.

கிண்டிக் காட்டின் மரங்களைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரைச் சமவெளியில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு பல மாதங்கள் வறட்சி. அந்த வறட்சியிலும் இலையை உதிர்க்காமல் நிற்பதற்காகவே வீரை, பாலை, காசா போன்ற இந்த மண்ணின் மரங்கள் தடித்த, தோல் போன்ற சிறிய இலைகளை வளர்த்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் சித்திரை வெயிலிலும் அந்தக் காட்டுக்குள் நிழல் இருக்கிறது. பூங்கா அமைப்பவர்கள் அழகுக்காக வெளிநாட்டுப் பனைகளை வரிசையாக நடும்போது, கோடை விடுமுறையில் ஐந்து வயதுப் பிள்ளை எந்த நிழலில் ஒதுங்கும் என்று என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இனி, நான் எங்கே போனாலும் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. ஒருமுறை எங்களோடு ஒரு பாட்டியும் அவருடைய ஐந்து வயதுப் பேத்தியும் வந்திருந்தார்கள். பாட்டி கன்னியாகுமரிப் பக்கம் பிறந்து, மணமாகி இந்த ஊருக்கு வந்தவர். நாற்பது ஆண்டுகளாகக் கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் இருக்கிறார். பூங்காவுக்குள் நுழைந்து இருநூறு அடி நடந்திருப்போம். ஒரு நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையின் முன்னால் அந்தச் சிறுமி நின்றுவிட்டாள். மற்ற பிள்ளைகள் மான் பார்க்க ஓடிவிட்டார்கள். இவள் நகரவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால், செவ்வெறும்புகள் இலைக்கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஓர் இலையின் விளிம்பைப் பத்துப் பதினைந்து எறும்புகள் காலால் பற்றிக்கொண்டு, அடுத்த இலையின் விளிம்பை வாயால் கவ்வி இழுத்தன. எட்டாத இடத்தில் ஒன்றின் இடுப்பை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கின. விளிம்புகள் நெருங்கியதும், உள்ளிருந்து வேறு சில எறும்புகள் வெண்மையான புழுக்களைக் கவ்விக்கொண்டு வந்தன. அவை அந்த எறும்புகளின் குஞ்சுகள். அந்தப் புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு நூலை, தறியில் நாடா ஓடுவது போல, இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாறி மாறித் தொட்டு, இலைகளைத் தைத்துவிட்டன.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பாட்டி முந்திக்கொண்டார். "இது முசுறுல்லா! எங்க ஊர் மாமரத்துல எல்லாம் கிடக்கும். கிட்டப் போவாத மக்களே, கடிச்சா எரியும்" என்று பேத்தியைத் தம் மடியோடு சேர்த்துக்கொண்டு, அங்கேயே கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முக்கால் மணி நேரம் அந்த இருவரும் எழுந்திருக்கவில்லை. தாம் ஏறிய மாமரம், கடிபட்ட இடத்தில் தடவிய சுண்ணாம்பு, தம் அண்ணன் என்று பாட்டி சொல்லிக்கொண்டே போக, சிறுமி எறும்பையும் பாட்டியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொருக்குப்பேட்டை வீட்டில் அந்தக் கதையைப் பாட்டி ஒரு நாளும் சொன்னதில்லையாம்; திரும்பும்போது அவருடைய மகள் வியந்து போய் என்னிடம் சொன்னார்.

அன்று அந்த இருவரும் நடந்தது மொத்தம் நானூறு அடிகூட இருக்காது. அதனால்தான் சொல்கிறேன்: குடும்பப் பாதைக்கு நீளம் தேவையில்லை. அரை கிலோமீட்டரில் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் வட்டப்பாதை போதும். ஐம்பது, அறுபது அடிக்கு ஒரு திண்ணை இருக்க வேண்டும். குழந்தையின் கண் மட்டத்தில் கிளைகள் இருக்க வேண்டும். தாழ்ந்த கிளைகளையெல்லாம் 'சுத்தம்' என்ற பெயரில் வெட்டிவிட்டால், மூன்றடி உயரமுள்ள குழந்தைக்கு அந்தக் காட்டில் அடிமரங்களைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

பாதை மண்ணாக இருக்க வேண்டும் என்பதையும் இத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் வழக்கமாகப் போய்வந்த ஒரு மரப்பூங்காவில், நல்ல மண் பாதையைத் தோண்டிவிட்டுச் சிமெண்ட் கற்களைப் பதித்தார்கள். வெயில் நேரத்தில் அந்தக் கல் காலைச் சுட்டது. மழைக்காலத்தில் அடர்ந்த நிழலில் கல் காயாததால் பாசி பிடித்தது. எங்களோடு வந்த அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் அதில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு வரவே இல்லை. எனக்கு அது இன்றும் மனத்தை அறுக்கிறது. மண் பாதையோ நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உதிர்ந்த இலை மெத்தையாகிறது. மழைக்கு மறுநாள் கீரியும் மயிலும் போன தடத்தைப் பிள்ளைகள் அதில் குனிந்து படிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்காக நுழைவாயிலை ஒட்டி, சொரசொரப்பான கெட்டித் தளமுள்ள ஒரு பாதை கட்டாயம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. மற்றவை மண்ணாகவே இருக்கட்டும். மீண்டும் சொல்கிறேன், மண்ணாகவே இருக்கட்டும்.

நேரம் முடியப்போவதாக எதிரே சைகை காட்டுகிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்தி மரங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அது இன்று இயலாது. மிகச் சிறிய பிள்ளை உள்ளவர்கள் நம் மாதவரம் தாவரவியல் பூங்காவிலிருந்து தொடங்கலாம். அது காடு இல்லை என்றாலும், கையை விட்டு நடக்கப் பழக ஏற்ற இடம். தின்பண்டத்தைப் பைக்குள் மூடி வையுங்கள். குரங்குக்கும் மானுக்கும் எதையும் கொடுக்காதீர்கள். உப்புச் சுவைக்காக மான் பிளாஸ்டிக் உறையையே விழுங்கிவிடும். கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலைய வாசலில் நாங்கள் நிற்போம். தண்ணீர் பாட்டிலோடு வாருங்கள், வீட்டில் இருக்கும் பாட்டியையும் அழைத்து வாருங்கள். வணக்கம்.