புஷ்பக் போன வழி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி மாவட்டத்துப் பெரும்பாலை ஊர்க்காரன் ஒருவன் விமானம் ஓட்டினான் என்றால் எங்கள் பக்கத்தில் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1974இல் சென்னையில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் நான் ஓட்டிய நேரம் மொத்தம் 52 மணி 20 நிமிடம். மாமன் கொடுத்த பணம் அத்தோடு தீர்ந்தது. வங்கி வேலைக்குப் போய்விட்டேன்.

நான் ஓட்டியது புஷ்பக். பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்தது. 1958இல் முதலில் பறந்தது, ஏறத்தாழ 160 விமானங்கள் செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, 90 குதிரைத்திறன் எஞ்சின். உடம்பு இரும்புக் குழாய்களால் ஆன எலும்புக்கூடு, அதன்மேல் துணி. ஆமாம், துணிதான். வேட்டிக்குக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்தால் விறைக்கிறதல்லவா? அதுபோல இந்தத் துணிக்கு டோப் என்று ஒரு பூச்சு உண்டு. அது காய்ந்த பிறகு விரலால் சுண்டினால் தப்பட்டை போல ஒலிக்கும். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பெயரும் பொருத்தமான பெயர். புராணத்துப் புஷ்பக விமானம் குபேரனுடையது. இராவணன் பறித்துக்கொண்டான். இராமன் அதில் அயோத்திக்கு வந்து இறங்கி, குபேரனுக்கே திருப்பி அனுப்பினான். கைமாறிய விமானம் கடைசியில் எங்கே போனது என்று கணக்குச் சொன்ன முதல் ஆள் வால்மீகிதான் என்பேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பரண் ஒழித்தபோது டிரங்குப் பெட்டியில் என் பறத்தல் பதிவேடு கிடைத்தது. ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், விமானத்தின் பதிவு எழுத்துகள். பாதிக்கு மேல் ஒரே விமானம். அது இப்போது எங்கே இருக்கும்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதிவு எழுத்து இருந்தால் கண்டுபிடித்துவிடலாமே என்பீர்கள். இந்திய விமானங்களுக்கு வி.டி. என்று தொடங்கும் அந்த எழுத்துகள், உங்கள் மோட்டார் சைக்கிளின் நம்பர் பிளேட் மாதிரி. பழைய வண்டி வாங்கும்போது நம்பர் பிளேட்டை நம்பியா வாங்குகிறீர்கள்? ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு சேஸிஸ் எண்ணைத் தடவிப் பார்ப்பீர்கள். விமானத்திலும் தொழிற்சாலை அடித்த தகடு ஒன்று உண்டு. அதில் உள்ள வரிசை எண்தான் சாட்சி. நம் விமானப்படைக்கு 2018இல் டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானம் ஒன்று வந்தது. காயலான் கடைக்குப் போக இருந்ததை வாங்கி, இங்கிலாந்தில் புதுப்பித்துக் கொடுத்தார்கள். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைவீரர்களைக் கொண்டுபோன டகோட்டாவின் எண்ணை, வி.பி. 905 என்பதை, மரியாதைக்காக இதற்கு எழுதியிருக்கிறார்கள். எண் அதுதான், விமானம் வேறு. மறுபடி சொல்கிறேன், எண் என்பது வேறு, விமானம் என்பது வேறு.

இது எனக்கு என் தாத்தா சொல்லிக்கொடுத்த பாடம். அவரிடம் ஓர் ஆலம்பாடி எருது இருந்தது. கடன் நெருக்கியதால் சந்தையில் விற்றுவிட்டார். ஆறு வருடம் கழித்து, பாப்பாரப்பட்டிப் பக்கம் கல்யாணத்துக்குப் போன இடத்தில், யாரோ ஒருவருடைய கிணற்றில் ஒரு மாடு தண்ணீர் இறைக்கும் கவலை இழுத்துக்கொண்டிருந்தது. கொம்பைச் சீவி வர்ணம் அடித்திருந்தார்கள். பெயர்கூட மாறியிருந்தது. தாத்தா பேசாமல் போய்த் திமிலுக்குப் பின்னால் கை வைத்தார். சுழி இருந்தது. பின்னங்காலில் ஏர்க்கொழு கிழித்த தழும்பும் இருந்தது. மாடு உங்களைக் கண்டுகொண்டதா தாத்தா என்று நாங்கள் கேட்டோம். "அதற்கு வேலை இருந்தது" என்றார்.

என் புஷ்பக்கிலும் ஒரு தழும்பு உண்டு, நான் போட்டது. அதற்கு மூன்றாவது சக்கரம் வாலில். பக்கக்காற்றில் இறங்கினால் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும். ஒரு நாள் காலை, விமானத்தை நேராக வைக்கும் கால்மிதியை அழுத்தத் தாமதித்தேன். விமானம் செக்குமாடு போல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வாலருகே ஒரு குழாய் வளைந்து, அதை வெட்டி ஒட்டுப்போட்டு வெல்டிங் வைத்தார்கள். பயிற்சியாளர் என்னைத் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

இரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதினேன், தொலைபேசியில் நச்சரித்தேன். ஒரு பழைய மெக்கானிக் சொன்னதிலிருந்து ஒன்று புரிந்தது: விமானம் மாட்டைப் போல மொத்தமாகக் கைமாறுவதில்லை. எஞ்சினைக் கழற்றி வேறொரு புஷ்பக்கில் பூட்டிவிட்டார்கள். மூக்கில் சுழலும் காற்றாடி யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் அலங்காரமாகப் போயிற்று. எலும்புக்கூட்டை மட்டும் மாணவர்கள் பார்த்துப் படிக்க ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்துக்குக் கொடுத்திருந்தார்கள்.

போனேன். பட்டறைக்குப் பின்னால், வெட்டவெளியில், துணியில்லாமல் நின்றது. மேலெல்லாம் பீர்க்கங்கொடி. தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள்தான் மிச்சம். வால் பக்கம் உட்கார்ந்து கொடியை விலக்கிக் குழாயைத் தடவினேன். ஒட்டு இருந்தது. காவலாளி என்ன நினைத்தாரோ, இரண்டு பீர்க்கங்காய் பறித்துக் கையில் கொடுத்தார். மறுநாள் வீட்டில் துவையல்.

ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச வந்தேன். 1990களில் இத்தாலிய வடிவமைப்பில் இரட்டை எஞ்சின், ஆறு இருக்கை விமானங்களை அங்கே பொருத்திப் பறக்கவிட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது. அவற்றை எப்படித் தேடுவது என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமாம். இல்லை, அதையும் மடக்கிவிட்டார். வணக்கம்.