எந்த பஸ், தம்பி?

(பட்டிமன்றத் தலைப்பு: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பெரிதும் காரணம் பொய்ப் பிரசாரமா, மக்களின் மனக்குமுறலா? ‘மனக்குமுறலே’ அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தங்கச்சி நன்றாகப் பேசினார். கைதட்டலும் அள்ளினார். எதற்குத் தட்டினீர்கள்? “சிவப்பு பஸ்ஸில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு நாட்டை விற்ற மந்தைகள்” என்றாரே, அதற்கு! மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மந்தை என்று சொன்னது ‘விலகு’ என்று வாக்குப் போட்ட 1 கோடியே 74 இலட்சம் மனிதரை, நடுவர் அவர்களே!

பஸ் கதையை நான் மறைக்க வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண் அனுப்புகிறோம், அதை நமது சுகாதார சேவைக்குக் கொடுப்போம் என்று எழுதிக்கொண்டு, விலகல் அணியின் அந்தப் பிரசார பஸ் ஊர் ஊராக ஓடியது. கணக்குப் பிழை. பிரித்தானியாவுக்கு ஒன்றியம் கொடுத்துவந்த தள்ளுபடியை அதில் கழிக்கவே இல்லை. புள்ளிவிபர ஆணையம் வாக்கெடுப்புக்கு முன்பே அதைக் கண்டித்தது. சரி, பொய்தான். ஆனால் அந்தப் பொய்யா போய் வாக்குப் போட்டது?

என் அத்தான் இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்து நகரில் கடை வைத்திருக்கிறார். 2016 ஜூன் 23, ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று வாக்கெடுப்பு. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சண்டர்லாந்து முடிவு வந்துவிட்டது. விலகு என்று 61 சதவீதம்! டிவியில் பவுணின் மதிப்பு விழுகிறது. அத்தானுக்கு நித்திரை போய்விட்டது. விடியக் கடையைத் திறந்தால் முதல் ஆளாக யார்? தினமும் பாலும் பேப்பரும் வாங்க வரும் வெள்ளைக்கார ஐயா. எழுபது வயது. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். அத்தான் பேப்பரைக் கொடுக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“ஐயா, உண்மையைச் சொல்லும். அந்த பஸ்ஸை நம்பித்தானே வாக்குப் போட்டனீர்?”

“எந்த பஸ், தம்பி?”

“அதுதான், அந்தச் சிவப்பு பஸ்.”

“எங்கட தெருவுக்கு வந்த பஸ்ஸையே நிப்பாட்டிப் போட்டாங்கள். நான் எந்த பஸ்ஸைக் கண்டன்?”

சிரிக்கிறீர்கள். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, திரும்பச் சொல்கிறேன். “எங்கட தெருவுக்கு வந்த பஸ்ஸையே நிப்பாட்டிப் போட்டாங்கள்!” இப்போது கேட்டதா? அத்தான் விடுகிற ஆளா? “இல்லை ஐயா, டிவியில நெடுகக் காட்டினாங்களே!” என்றார். அதற்கு அந்த மனுசன் என்ன சொன்னார் தெரியுமா? “டிவியில காட்டினால் எனக்கென்ன? ஆஸ்பத்திரிக்குப் போக நான் டிவியிலயா ஏறுறது?”

அத்தானுக்கு வாய் அடைத்துவிட்டது. பால் காசு வாங்கவும் மறந்துவிட்டார். அந்த மனுசன்தான் எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனார். கலியாண வீடு, சாமத்திய வீடு, எங்கே கண்டாலும் அத்தான் இந்தக் கதையைத்தான் சொல்கிறார். தங்கச்சி, நீங்கள் பார்த்தது வந்த பஸ்ஸை. அவர் பார்த்தது வராத பஸ்ஸை!

அந்த ஊருக்கு என்ன நடந்தது? 1988இல் கடைசிக் கப்பல் தளமும் மூடப்பட்டது. 1993இல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கம் இருந்த இடத்தில் இன்று உதைபந்தாட்ட அரங்கு நிற்கிறது. வாசலில் ஒரு பெரிய சுரங்க விளக்கு, நினைவுச் சின்னமாக. நிசான் கார் ஆலை வந்ததே என்பீர்கள். வந்தது, நல்லது. நாற்பது வயது தாண்டிய வெல்டர்கள் எத்தனை பேருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கும்?

பொதுத்தேர்தல் வந்தால் பல பத்தாண்டுகளாக அங்கே தொழிற்கட்சிதான். யார் போட்டாலும் அதே முடிவு, போடாவிட்டாலும் அதே முடிவு. ஆனால் 2016 வாக்கெடுப்பில் சண்டர்லாந்துக்காரனின் வாக்கும் இலண்டன்காரனின் வாக்கும் ஒரே எடை. அதனால்தான் 2015 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் 66 சதவீதமாக இருந்த வாக்களிப்பு அன்றைக்கு 72 ஆனது. பொய்யை நம்பியா அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள்? தங்கள் வாக்கு எண்ணப்படும் என்று நம்பி நின்றார்கள், நடுவர் அவர்களே!

பொய் ஒரு பக்கம் மட்டும்தானா? விலகு என்று முடிவு வந்தாலே உடனடியாகப் பொருளாதார மந்தம் வரும் என்று 2016 மே மாதம் நிதி அமைச்சே எச்சரித்தது. அந்த வருடம் அது வரவில்லை. அதை நம்பி ‘இருப்போம்’ என்று போட்டவர்களை யாராவது மந்தை என்றார்களா?

இங்கே இருக்கும் பலருக்கும் அன்று வாக்கு இருந்தது. இருபது வருடம் இங்கே வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே வதிந்தவருக்கு, பொதுநலவாய நாட்டவர் என்பதால், இருந்தது. எங்களிலேயே எத்தனை பேர் ‘விலகு’ என்று போட்டோம்! அவர்களும் மந்தையா?

வாக்கெடுப்புக்குப் பிறகு வெறுப்புக் குற்றங்கள் கூடியது உண்மை. நான் மறுக்கவில்லை. பஸ்ஸில், ரயிலில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து “ஊருக்குப் போ” என்றவர்களை நான் மன்னிக்கவும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தான் அந்த ஊருக்குப் போன புதிதில், ஒரு குளிர்கால இரவு, யாரோ கடைக் கண்ணாடிக்குக் கல் எறிந்தார்கள். அக்கா கைப்பிள்ளையோடு உள்ளே அழுதுகொண்டிருந்தா. அங்கே எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை, ஒரு ஊர்க்காரரும் இல்லை. பலகையும் ஆணியும் தூக்கிக்கொண்டு வந்தது யார்? இதே மனுசன்! பலகை அடித்தார். விடியும்வரை கடை வாசலில் கதிரை போட்டு இருந்தார். பனியில், நடுவர் அவர்களே! பெற்ற தகப்பன் செய்வதை அவர் செய்தார். அந்தப் பிள்ளை இன்று டாக்டர். அவரைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுகிறாள். வாக்கெடுப்பில் அவள் ‘இருப்போம்’ என்று போட்டாள், அவர் ‘விலகு’ என்று போட்டார். நத்தார் விருந்துக்கு இருவரும் ஒரே மேசையில்தான் இருக்கிறார்கள். சண்டை பிடிக்கிறார்கள். அவர் தட்டில் அவள்தான் சோறு போடுகிறாள்.

தங்கச்சி, வருகிற சனிக்கிழமை அத்தான் வீட்டுக்குப் போகிறேன். காரில் இடம் இருக்கிறது, வாருங்கள். என்ன கோபத்தில் வாக்குப் போட்டார் என்று நீங்களே அந்த வெல்டர் ஐயாவிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.