ஜான் டென்வரின் கடைசிப் பயணம்: தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு

[திரையில்: மான்டரே விரிகுடாவின் வரைபடம்]

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியாவில் பசிபிக் குரோவ் ஊரை ஒட்டிய கடலில், மாலை ஐந்தரை மணிவாக்கில் ஒரு குட்டி விமானம் தலைகுப்புற விழுந்தது. ஓட்டியவர் பாடகர் ஜான் டென்வர், வயது 53. கூட யாரும் இல்லை.

குடித்திருப்பார் என்ற பேச்சு உடனே கிளம்பியது. விமானம் ஓட்டத் தேவையான அவருடைய மருத்துவத் தகுதிச் சான்றிதழ் அப்போது செல்லுபடியாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் பரிசோதனையில் மதுவும் இல்லை, போதைப்பொருளும் இல்லை. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவமும் இருந்தது. அப்புறம் எப்படி?

[திரையில்: லாங்-ஈஸியின் படம்]

விமானத்தின் பெயர் லாங்-ஈஸி. பர்ட் ரூட்டான் வடிவமைத்தது. முன்னால் சின்ன இறக்கை, பின்னால் பெரிய இறக்கை, புரொப்பெல்லர் வாலில். இதைக் கடையில் வாங்க முடியாது. வரைபடத்தை வாங்கி, ஃபோமும் ஃபைபர்கிளாஸும் வைத்து நாமே கட்ட வேண்டியிருந்தது. வரைபடத்தை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று அமெரிக்காவில் கட்டாயம் கிடையாது. டென்வர் வாங்கியது வேறொருவர் கட்டிய பழைய விமானம்.

எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் வால்வு, வரைபடப்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாம் என்று நினைத்த இந்த விமானத்தைக் கட்டியவர், அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். கைப்பிடியில் எந்தக் குறியும் இல்லை. வலப்பக்கம் திருப்பினால் இடது டேங்க், கீழே திருப்பினால் வலது டேங்க், மேலே திருப்பினால் ஆஃப். பதற்றத்தில் இதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்கள் பின் இருக்கையருகே. அவற்றிலும் அளவுக்கோடு இல்லை. அன்று மெக்கானிக் ஒருவர், திரும்பாமலே அவற்றைப் பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். கைப்பிடி எட்டவில்லை என்று இருவரும் அதில் ஒரு பிளையரை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. எரிபொருள் நிரப்பலாமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். இந்த இடத்தில் அவருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்தேதான் கிளம்பினார்.

கரையிலிருந்து சுமார் 20 பேர் பார்த்திருக்கிறார்கள். விமானம் 350 முதல் 500 அடி உயரத்தில் இருந்தது. சிலருக்கு 'டப்' என்று வெடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது, எஞ்சின் சத்தம் தணிந்தது. மூக்கு சற்று மேலே போய், வலப்பக்கம் சாய்ந்து, நேராகக் கடலுக்குள் பாய்ந்தது.

[திரையில்: காக்பிட்டின் வரைபடம், இருக்கையும் வால்வும் மட்டும்]

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணையில் இறங்கியது. கடலில் கிடைத்த வால்வு எந்த டேங்குக்கும் முழுதாகத் திறக்காமல் இடைநிலையில் இருந்தது; டேங்கை மாற்ற அதைத் திருப்பிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் விமானம் ஏன் வலப்பக்கம் சாய வேண்டும்? விடை சிதைவுகளில் இல்லை. இன்னொரு லாங்-ஈஸியில் உட்கார்ந்து பார்த்தார்கள். வலப்பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுக் குச்சியை விட வேண்டும், தோள்பட்டை பெல்ட்டைக் கழற்ற வேண்டும், உடம்பை இடப்பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும், அப்புறம்தான் வால்வு எட்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானாகவே எதையாவது அழுத்தி ஊன்றுகிறது. அங்கே இருப்பது வலது ரடர் பெடல். அதை மிதித்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், விமானமும் அந்தப் பக்கம் சாயும். கரையில் இருந்தவர்கள் பார்த்ததும் அதைத்தான்.

1999-இல் வாரியம் முடிவைச் சொன்னது: வால்வைத் திருப்பும் முயற்சியில் கவனம் சிதறித் தெரியாமல் வலது ரடரை மிதித்தது, எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியது. இவை காரணங்கள். வால்வின் இடம், குறியில்லாத கைப்பிடி, கோடில்லாத குழாய்கள், அவருக்குப் புதிதான இந்த விமானத்தில் போதாத பயிற்சி ஆகியவை பங்களித்த காரணிகள். வால்வு இரண்டாவது பட்டியலுக்குப் போனது எனக்கு உறுத்தல்தான். கால்களுக்கு நடுவே அது இருந்திருந்தால் உடம்பைத் திருப்பும் வேலையே வந்திருக்காது.