தீர விசாரித்த கோணம்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முதல்வர் அவர்களே, வினாத்தாள் தயாரிக்கும் பணிக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பெருமக்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்த தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இருசமபக்க முக்கோணத்தை வைத்துத் தெரியாத கோணத்தைக் கண்டுபிடிப்பது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அடிக்கோணங்கள், வட்டத்தின் ஆரங்கள், வெளிக்கோணம்.

பக்கங்கள் இரண்டு சமமானால் எதிர்க்கோணங்களும் சமம். இது பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பகுதியில் ஐந்தாம் தேற்றம். ஆறாவது அதன் மறுதலை: கோணங்கள் சமமானால் எதிர்ப்பக்கங்களும் சமம். ஐந்தாவதை ஒப்பிக்கும் பிள்ளைகள் ஆறாவதை மறந்துவிடுகிறார்கள். கடினமான கணக்குகளைத் திறப்பது அதுதான்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது வடிவியலுக்கென்றே பிறந்த பழமொழி. லாங்லி என்ற ஆங்கிலேயர் 1922இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஏபிசி முக்கோணத்தில் பி, சி இரண்டும் 80 பாகை. ஏசி மேல் டி, ஏபி மேல் இ. கோணம் சிபிடி 60, கோணம் பிசிஇ 50. கோணம் பிடிஇ எவ்வளவு?

ஒரு வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்தேன். ஒரு மாணவி பாகைமானி வைத்து, "முப்பது ஐயா" என்றாள். விடை சரி. "ஏன் அம்மா முப்பது?" என்றேன். வகுப்பே அமைதியானது. அந்தப் பெண் விடவில்லை. அடுத்த வகுப்பில் தானே எழுந்து வந்து, பியிலிருந்து பிசியோடு 20 பாகையில் ஒரு கோடு இழுத்து, அது ஏசியைத் தொடும் இடத்துக்கு எஃப் என்று பெயரிட்டாள். கோணம் பிஎஃப்சி 80, ஆகவே பிஎஃப்பும் பிசியும் சமம். கோணம் பிஇசி 50, ஆகவே பிஇயும் பிசிக்குச் சமம். பிஇ, பிஎஃப் இடையே 60 பாகை; பிஇஎஃப் சமபக்க முக்கோணம்! டிபிஎஃப், பிடிஎஃப் இரண்டும் 40. எஃப்டியும் எஃப்பியும் சமம். ஆக எஃப்இ, எஃப்டி சமம். அவற்றின் நடுக்கோணம் இஎஃப்டி 40, அடிக்கோணம் எஃப்டிஇ 70. அதில் பிடிஎஃப் 40 போக பிடிஇ 30. பின்வரிசைப் பையன்கள் மேசையைத் தட்டினார்கள். அவள் செய்ததுதான் தீர விசாரிப்பது.

ஆரங்களையும் வெளிக்கோணத்தையும் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால் வினாத்தாள் அமைப்போர் எதிரே இருக்கும்போது இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். கோண வினாக்களைச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே முப்பதை அளந்தவளுக்கும் நிறுவியவளுக்கும் ஒரே மதிப்பெண். ஒவ்வொரு வரிக்கும் அருகில் காரணம் எழுதச் சொல்லுங்கள். அந்தக் காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். வரும் தேர்விலேயே இதைத் தொடங்க வேண்டும்.