லோமிலோமி மசாஜுக்குப் போனால் என்ன நடக்கும்?

கணவரோடு ஹவாய் போகப்போகிற ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அங்கே லோமிலோமி என்று ஒரு பாரம்பரிய மசாஜ் உண்டாமே. முதலில் பிரார்த்தனை செய்வார்களாம். நான் என்ன செய்ய வேண்டும்? ஆடையெல்லாம் எடுக்கச் சொல்வார்களா? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது."

கூச்சத்தை முதலில் பார்த்துவிடுவோம். பெரும்பாலும் உங்களை அறையில் தனியாக விட்டுவிட்டு மசாஜ் செய்பவர் வெளியே போய்விடுவார். நீங்கள் உடை மாற்றி, மேசையில் குப்புறப் படுத்து, துணியைப் போர்த்திக்கொள்ளலாம். உள்ளாடை இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் சிலரது முறையில் தோளிலிருந்து கால்வரை ஒரே ஓட்டமாகத் தேய்ப்பதால் போர்த்துகிற துணி சிறியதாக இருக்கும். அதனால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பெண்தான் வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள், தப்பே இல்லை.

சரி, பிரார்த்தனை. ஹவாய் மொழியில் அதை 'புலே' என்பார்கள். முதுகில் கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். வாய்விட்டுச் சொல்பவரும் உண்டு, மனதுக்குள் சொல்பவரும் உண்டு. நீங்கள் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, அமைதியாக மூச்சு விட்டால் போதும். தயவுசெய்து இதைச் சுற்றுலாப் பயணிகளுக்கான சடங்கு என்று நினைக்காதீர்கள். குடும்பத்துக்குள் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்து வளர்ந்த வைத்தியம் இது. 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய் தீவில் எல்லோரும் 'ஆன்ட்டி மார்கரெட்' என்று கூப்பிட்ட மார்கரெட் மச்சாடோ (1916–2009) தன் தாத்தாவிடம் கற்றவர். 1970களில் வெளியாருக்கும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் கிறிஸ்தவர், பிரார்த்தனை இல்லாமல் கை வைக்க மாட்டார். வேறு குடும்பங்களில் பழைய ஹவாய் மந்திரங்கள் சொல்வார்கள்.

அப்புறம்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் அல்லது குகுய் என்ற ஹவாய் மரத்தின் கொட்டை எண்ணெய் இருக்கலாம். கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லியாக வேண்டும். விரலைவிட முன்கைக்குத்தான் வேலை அதிகம். முன்கையின் உட்பக்கத்தை உங்கள் இடுப்பில் பதித்து, தன் உடம்பைச் சாய்த்து அந்த எடையிலேயே முதுகெலும்பின் ஓரமாகத் தோள்வரை தள்ளிக்கொண்டு போவார். தோளைச் சுற்றி, கைவழியாக விரல்நுனிவரை இறங்கி, தொடுகை விடாமலே திரும்பி வருவார். அடுத்து எங்கே வரும் என்று ஊகிக்கிற வேலையை மனசு கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். அந்த ஓட்டத்துக்காகவே முடிந்தால் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சு விழுந்த இடத்தில் அழுத்தம் பலமாகவே இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், வலித்தால் சொல்லுங்கள். வயிற்றிலும் தேய்ப்பது இந்த மரபில் உண்டு, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். சிலருக்கு நடுவில் அழுகை வரும். வந்தால் வரட்டும்.

காய்ச்சல், ரத்தக்கட்டி, சமீபத்திய ஆபரேஷன் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படித்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். முடிந்ததும் மெதுவாக எழுந்து உட்காருங்கள், தலை லேசாகச் சுற்றலாம். உடம்பெல்லாம் எண்ணெயாக இருக்கும், பழைய பருத்தி உடை போட்டுக்கொண்டு போவது நல்லது.