புதுக் காரில் பம்பர் மட்டும் வேறு வெள்ளையாகத் தெரிவது ஏன்?

வணக்கம். தலவாக்கலையிலிருந்து ஆசிரியை ஒருவர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். முத்து வெள்ளை நிறத்தில் புதுக் கார் வாங்கி இரண்டு கிழமைதான் ஆகிறது. முன்பம்பர் சற்று மஞ்சள் தட்டியும் அதையொட்டிய மட்காட் தூய வெள்ளையாகவும் தெரிகின்றன. விற்றவர்களோ "பிளாஸ்டிக் என்றால் அப்படித்தான்" என்கிறார்கள். இது உண்மையா, ஏமாற்றா என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர், அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. காரின் இரும்பு உடலுக்குப் பெயின்ட் அடித்த பிறகு, தொழிற்சாலையில் ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் சூட்டில் அதைச் சுட்டெடுப்பார்கள். பிளாஸ்டிக் பம்பர் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால், பெரும்பாலும் அதைத் தனியாக, சில வேளைகளில் வேறொரு தொழிற்சாலையிலேயே பூசி, குறைந்த சூட்டில் உலர்த்திக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அதிலும் முத்து வெள்ளை பொல்லாத நிறம். அடியில் ஒரு வெள்ளை, நடுவில் மினுமினுப்பான மைக்கா கலந்த மெல்லிய படலம், மேலே கிளியர் எனப்படும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு என்று மூன்று அடுக்குகள் கொண்டது. நடுப்படலம் கொஞ்சம் தடித்தாலும் சாயல் மாறிவிடும். டொயோட்டாவில் 040 என்ற இலக்கமுள்ள சாதாரண வெள்ளையைப் பொருத்தமாகப் பூசுவது எளிது. 070 என்ற முத்து வெள்ளைக்குக் கை தேர்ந்த பெயின்டரும் இரண்டு முறை யோசிப்பார்.

மற்றப் பாதியை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். நிறத்தைத் தெருவிளக்கிலோ ஷோரூம் வெளிச்சத்திலோ பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் மூடுபனி விலகி, மேகம் போர்த்திய வெளிச்சம் இருக்கிறதே, முதலில் அதில் பாருங்கள். பிறகு நல்ல வெயிலில், நேராகவும் சாய்வாகவும் பாருங்கள். பம்பர் மட்டும் மாறித் தெரிந்து, இரும்புப் பாகங்கள் அனைத்தும் ஒரே நிறமாக இருந்தால், அது தொழிற்சாலையிலிருந்தே வந்ததாக இருக்கலாம். இரண்டு கதவுகளுக்கிடையில் நிறம் மாறினால் அந்தச் சமாதானத்தை ஏற்க வேண்டாம். கப்பலிலோ களஞ்சியத்திலோ அடிபட்டு, உங்களிடம் சொல்லாமல் மீளப் பூசியிருக்க வாய்ப்புண்டு. பெயின்ட் தடிப்பை அளக்கும் சிறு கருவி பல கராஜ்களில் இருக்கிறது. தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 80 முதல் 150 மைக்ரோன் வரை காட்டும், ஒரு கதவு மட்டும் 250, 300 என்று காட்டினால் அங்கே கை பட்டிருக்கிறது. சாதாரணக் கருவி பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது. பம்பருக்கு, அதன் உள்விளிம்பில் தூசி மணிகளும் மீளப் பூசும்போது ஒட்டிய தாள் விட்ட கோடும் இருக்கின்றனவா என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

என் பழைய வெள்ளிநிறக் காரில் கதவொன்றை மட்டும் பூசிக்கொடுத்தார்கள். மாலையில் அழகாக இருந்தது. மறுநாள் காலை வெயிலில், வேறொரு காரின் கதவைக் கழற்றிப் பூட்டியதுபோல் நின்றது. கதவு என்றால், நிறத்தைப் பக்கத்துப் பாகத்துக்குள்ளும் படிப்படியாக மெலியவிட்டு, இரண்டுக்கும் முழுதாகக் கிளியர் அடிக்க வேண்டும். பம்பருக்காகத் தொழிற்சாலைப் பூச்சுள்ள மட்காட்டில் கை வைக்க மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். பம்பரின் நிறத்தைத்தான் மட்காட்டுக்குப் பொருந்தச் செய்ய வேண்டும்.

எதற்கும் முன்னர், வேறுபாட்டைப் படமெடுத்து, விற்றவர்களுக்கு எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். அவர்கள் கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். திருத்தித் தருவதாகச் சொன்னால், மூடிய பெயின்ட் அறை உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று நில்லுங்கள். நமது மலைப்பக்க ஈரக்காற்றில் திறந்தவெளியில் அடித்தால் பூச்சு பால் படர்ந்ததுபோல் மங்கிவிடக்கூடும். பூசிய பின் ஓரிரு மாதங்களுக்கு மெழுகு போடாதீர்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், டீச்சர்: நிற இலக்கம் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் பல சாயல்கள் உண்டு. ஆகவே பம்பரைத் தொடுவதற்கு முன்பே, சிறு அட்டைகளில் நடுப்படலத்தை இரண்டு, மூன்று, நான்கு பூச்சுகளாக அடித்துக் கிளியரும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அட்டைகள் காய்ந்ததும் வெளியே கொண்டுபோய், பம்பரோடு அல்ல, மட்காட்டோடு வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதற்கு மட்டும் சம்மதம் சொல்லுங்கள்.