வெள்ளைப் பணியாரமும் இரத்தச் சர்க்கரையும்

வணக்கம், நேயர்களே. சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் முதலில் நிறுத்துவது காப்பிக்குப் போடும் சீனியைத்தான். நல்லதுதான். ஆனால் ஒரு சிறு கரண்டி சீனி 5 கிராம். அதே காலையில் தட்டில் வைக்கும் நாலு வெள்ளைப் பணியாரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது இனிப்புப் பலகாரம் இல்லையே என்பார்கள்.

அதன் பக்குவத்தைப் பாருங்கள். உழக்கு நிறையப் பச்சரிசி, அதன் மேல் கோபுரமாக உளுந்து. பெரும்பங்கு அரிசிதான். 100 கிராம் பச்சரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. அது குடலில் குளுக்கோஸாக மாறும். மைய அரைத்த மாவு என்பதால் இன்னும் சீக்கிரம் மாறும். பிறகு எண்ணெய்ச் சட்டி. எண்ணெய் சரியாகக் காயாமல் மாவை ஊற்றினால் பணியாரம் எண்ணெய் குடித்துவிடும். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் எண்ணெயில் 9.

மாவும் எண்ணெயும் கூடும்போது நடப்பதுதான் முக்கியம். கொழுப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தால் சர்க்கரை அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம். "பணியாரம் நமக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று நிம்மதியாகிவிடுவோம். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் அது ஏறி நிற்கலாம். பலகாரம் சாப்பிட்ட நாளில் நான்காவது மணியிலும் ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள்.

தேவைக்கு மேல் தினமும் சாப்பிட்டால் கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படியும். அப்புறம் இன்சுலின் சொல் அங்கே எடுபடாது. நெய்யைத் தொடாமல், சோற்றை மட்டும் மலைபோல் வைத்துச் சாப்பிடுகிறவருக்கும் இது உண்டு. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ட்ரைகிளிசரைடாக இரத்தத்தில் விடும். பரிசோதனைத் தாளில் அது 150-க்கு மேல் இருந்தால், எண்ணெயோடு சோற்றின் அளவையும் பாருங்கள்.

கருப்புக் கவுனி அரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் தவிட்டில் நார்ச்சத்தும், அந்தக் கருநிறத்துக்குக் காரணமான சத்தும் உண்டு. ஆனாலும் அது அரிசிதான். குழைய வேகவைத்து, சீனி, தேங்காய், நெய் சேர்த்தால் சர்க்கரை நோயாளிக்கு அது மருந்தாகிவிடாது. விசேஷ நாளில் இரண்டு கரண்டி, அவ்வளவே.

சாப்பிடும் வரிசையை மாற்றுவது செலவில்லாத வழி. வெண்டைக்காய் மண்டியையும் கூட்டையும் முதலில் சாப்பிடுங்கள். அடுத்து மீனோ கோழியோ சுண்டலோ. சோறு கடைசியில், 50 கிராம் அரிசி வெந்த அளவு. அதில் சுமார் 39 கிராம் மாவுச்சத்து. பிறகு முற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், தசை அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டரிலிருந்து 600 மில்லிக்குள் அடங்கட்டும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நல்லவைதான். கலோரி மட்டும் குறையாது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பொரித்த பழைய எண்ணெயில் புதிதை ஊற்றி மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள்.

இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது, சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம்; மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே குறைக்க வேண்டும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால், சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) கூடிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று சிறு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். அந்த நேரத்தில் அதிரசமோ சாக்லேட்டோ கொடுக்காதீர்கள்; அதிலுள்ள கொழுப்பு, சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும்.